முதுகில் ஒரு சொட்டு

நான் வேலை பார்த்த நிலையம் காஞ்சிபுரத்திலிருந்து தாமல் போகும் சாலையில், ஏரிக்கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிற இடம். ஒரு மருந்து ஒரு புழுவை இன்னும் கொல்கிறதா, போன பருவத்தில் கொன்ற அளவுக்கு இந்தப் பருவமும் கொல்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. எங்கள் பக்கம் பருத்தி அதிகம் கிடையாது. நெல்லும் வேர்க்கடலையும்தான். ஏரியில் தண்ணீர் குறைகிற வருடங்களில் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர்கள் சிலர் பருத்தி போடுவார்கள். அந்தச் செடிகளின் இலைக்கு அடியில் பழுப்புப் பஞ்சு ஒட்டியது போலப் புழு முட்டைகள் குவியலாக இருக்கும். அந்த இலையைக் கிள்ளி, ஊர் பெயரை எழுதி ஒட்டிய டப்பாவில் போட்டுக்கொண்டு வருவோம். முட்டை பொரிந்து, புழு வளர்ந்து, சுண்டுவிரல் நகத்தின் நீளம் வந்ததும் சோதனைக்குத் தயார்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவு வீடு எங்களுடையது. அப்பாவும் அண்ணனும் இன்றும் தறியில்தான் உட்காருகிறார்கள். நான் விலங்கியல் படித்துவிட்டு இந்த வேலைக்குப் போகிறேன் என்றதும் அம்மா சிரித்தாள். "நம்ம வூட்ல புழு கட்டின கூட்டால சோறு. நீ இன்னாடான்னா புழுவ சாவடிச்சி சம்பாதிக்கப் போறன்ற" என்றாள். அப்பா மட்டும், "கையில கிளவுஸு போட்டுக்கினு செய்வியாமா?" என்று கேட்டார். போட்டுக்கொண்டுதான் செய்வேன் என்றேன். அதற்குமேல் வீட்டில் யாரும் அந்த வேலையைப் பற்றிப் பேசியதில்லை.

நிலையத்தில் புழு வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அக்கா. நான் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. காலையில் சைக்கிளில் வரும்போதே சாலையோரத்து ஆமணக்குச் செடிகளில் இலை பறித்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். அவற்றைக் கழுவி, துடைத்து, தட்டுத் தட்டாகப் புழுக்களுக்குப் போடுவார். பழைய இலையையும் எச்சத்தையும் எடுத்துக் கொட்டுவார். வேலை நடக்கும்போது ஏதோ மாதா பாட்டு வாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும். என்னைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். மதியம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவர் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தால் என் சைவச் சாப்பாட்டிலிருந்து தள்ளி, டப்பா மூடியை மறைப்பாக நிறுத்தி வைத்துக்கொண்டு சாப்பிடுவார். வேண்டாம் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அப்படித்தான்.

ஒரே ஒரு விஷயம் எனக்குப் புரியாமல் இருந்தது. மருந்து வைக்கும் அறைக்குள் அக்கா வரவே மாட்டார். புழுத் தட்டுகளை வாசலில் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, "பாப்பா, எட்த்துக்கோ" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மருந்து வாடை ஆகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னுடன் அந்த அறையில் வேலை பார்த்த பெண் பிள்ளைப்பேற்றுக்குப் போனாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. தட்டைப் பிடித்துக்கொள்ள மட்டும் யாராவது வேண்டியிருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு முந்தானையை மூக்கோடு சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

அன்றைக்கு எடுத்தது ஒரு பழைய மருந்து. பருத்தி போட்ட எல்லோர் வீட்டிலும் கூரைச் செருகலில் அதன் பாட்டில் ஒன்று இருந்த காலம் உண்டு. முறை எளிதுதான். ஊசி போன்ற கருவியில் மருந்தை ஏற்றி, புழுவின் முதுகில், தலைக்குச் சற்றுப் பின்னால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். வைத்ததும் புழுவை இலையோடு தனித் தட்டில் விட வேண்டும். நான் வைத்துக்கொண்டே போனேன். அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, முதுவுல வெக்கிற? இலையில தடவி துன்னக் குடுக்க மாட்டியா?"

"அப்படியும் செய்வாங்கக்கா. இது வேற மாதிரி. தோல்ல பட்டாலே உள்ள எறங்கிடும்."

"வாயில போவவே வாணாமா?"

"வாணாம்க்கா."

அக்கா எல்லாத் தட்டும் முடிந்த பிறகும் போகாமல் அங்கேயே நின்றார். மதியத்துக்குள் புழுக்கள் துடிக்க ஆரம்பித்தன. உடம்பை முறுக்கின. வாயிலிருந்து பச்சையாக நீர் கக்கின. மல்லாந்து விழுந்து கால்களை அசைத்தன. எனக்கு அது பழகிப்போன காட்சி. அக்கா ஒரு தட்டின்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தார்.

"மனுசனுக்கும் இப்டித்தானா பாப்பா? மேல பட்டா?"

"ஆமாங்க்கா. அதுக்குத்தான கிளவுஸு."

நான் அடுத்த தட்டை எடுத்துக்கொண்டே சொன்ன பதில் அது. திரும்பிப் பார்த்தபோது அக்கா கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

மறுநாள் தட்டு கழுவும் குழாயடியில் வைத்து அவராகவே சொன்னார். தட்டைத் தேய்ப்பதை நிறுத்தாமல், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அவர் கணவர் தாமலைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு ஊரில் மருந்து அடிக்கும் கூலி. முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு, யார் கழனியில் கூப்பிட்டாலும் போவார். நிலம் என்று எதுவும் அந்தக் குடும்பத்துக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒரு வருடம் முதன்முதலாகக் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி போட்டார்கள். செடி நன்றாக வந்தது. பிறகு புழு விழுந்தது. இலையெல்லாம் நரம்பு மட்டும் மிஞ்சி நின்றது.

"மருந்தடிக்கப் போன அன்னிக்கு காலீல சண்டமா. காஞ்சிபுரத்துக்கே போயிடலாம், பொண்ண டவுன் ஸ்கூல்ல சேக்கலாம், நான் தறிக்காரங்க வூட்ல நூல் சுத்தற வேலைக்குப் போறன்னு சொல்லிக்கினே இருந்தன். அவுரு, எங்கூர உட்டு வரமாட்டன்னாரு. தெருவுக்கே கேக்கறமாரி கத்துனன். நீ செத்தாலும் எனக்கு ஒண்ணியுமில்ல, என்னியும் புள்ளயும் உட்டுடுன்னு. அவுரு ஒண்ணும் பேசல. டேங்க எட்த்து மாட்டிக்கினு போயிட்டாரு."

உச்சி வெயிலில் இரண்டு பேர் அவரை பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வாயில் நுரை. கண் தெரியவில்லை என்று சொல்லி அக்காவின் கையைத் தடவித் தேடிப் பிடித்தாராம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

"இன்னா ஆச்சுன்னு கேட்டாங்க. கூட வந்த ஜனங்க, பொண்டாட்டிகூட சண்ட, மருந்து குட்ச்சிட்டான்னு சொன்னாங்க. உடம்பு பூரா மருந்து வாடதான். அப்பறம் யாரும் ஒண்ணும் கேக்கல. தானா செத்துக்கினவருன்னு சொல்லி எங்க கல்லறத் தோட்டத்துல ஓரமா ஒரு எடம் குடுத்தாங்க. எம் மாமியாரு, எம் புள்ளய முழுங்கிட்டடின்னு சொல்லி பொண்ண இட்டுக்கினு கதவ சாத்திடுச்சி."

குழாயை மூடினார்.

"நானும் அப்டித்தான் நெனச்சன் பாப்பா. இத்தினி வருஷமா. நான் சொன்ன சொல்லுக்குத்தான் அவுரு குட்ச்சிட்டாருன்னு."

 அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சட்ட முதுவு பூரா நனஞ்சிருந்துச்சி. அந்த டேங்கு ஒழுவும். துணி சுத்தி கட்டுவாரு. அந்த சட்டய நாந்தான் தொவச்சன். தொவச்சிக்கினு இருக்கும்போதே தல சுத்திச்சி, வாந்தி வந்துது. துக்கத்துல வருதுன்னாங்க. நானும் துக்கம்னுதான் நெனச்சன். நேத்து நீ அந்த புழு முதுவுல வெச்சியே, அப்பத்தான் எனக்கு..."

கழுவிய தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எங்கள் அதிகாரியிடம் யார் என்று சொல்லாமல் கேட்டேன். ஒழுகும் டேங்க், நனைந்த சட்டை, வெயில், அந்த மருந்து என்றால் அதுவே போதும் என்றார் அவர். ஆனால் குடித்தாலும் அதே வேர்வை, அதே நுரை, அதே கண் இருட்டல். இறந்துபோனவரைப் பற்றி இத்தனை வருடம் கழித்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். நான் அக்காவிடம் போய், "அப்படி நடந்திருக்கலாம்க்கா. நெறைய பேருக்கு நடந்திருக்குது" என்று சொன்னேன்.

"இருக்கலாமா?" என்றார் அக்கா. அந்த வார்த்தை அவருக்குப் போதவில்லை.

அதற்குப் பிறகு அவர் மருந்து அறைக்குள் வர ஆரம்பித்தார். முக்கியமாக அந்தப் பழைய மருந்தின் முறை வரும்போது. பிள்ளைப்பேற்றுக்குப் போன பெண் வேலைக்குத் திரும்பிய பிறகும் தட்டைத் தானே பிடித்துக்கொள்வேன் என்பார். சொட்டு விழுவதையும், பிறகு புழு துடிப்பதையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பது போலப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் அவர் முகம் கொஞ்சம் தளரும். செத்துப்போன புழுக்களைத் தூரிகையால் தொட்டு, அசைகிறதா என்று நான் பார்க்கும்போது, "சாவுதுல்ல? வாயில ஒண்ணும் குடுக்கலில்ல?" என்று கேட்பார். "ஆமாங்க்கா" என்பேன். அந்த ஒரு பதிலுக்காகவே அவர் அந்தப் பருவங்களில் வேலைக்கு வந்தார் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனால் நாளாக நாளாக அந்த மருந்து கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வேலையின் இயல்பே அதுதான். ஒரு கழனியில் மருந்து அடித்தால் எல்லாப் புழுவும் செத்துப்போவதில்லை. உடம்புவாகால் தாங்கிக்கொள்கிற சில தப்பித்து, கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகி முட்டை வைக்கின்றன. அந்த முட்டையில் வருபவையும் தாங்கும். அடுத்த பருவம் இன்னும் கொஞ்சம் அதிகமாக அடிக்கிறார்கள். அதையும் தாங்குபவை மிஞ்சுகின்றன. தாமலைத் தாண்டிய ஊர்களிலிருந்து வந்த முட்டைகளில் இதை நான் கண்கூடாகப் பார்த்தேன். அதே சொட்டு. முன்பு தட்டு முழுவதும் செத்துக் கிடக்கும். பிறகு பாதி கிடந்தது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றும். மீதியெல்லாம் கொஞ்ச நேரம் மயங்கிக் கிடந்துவிட்டு எழுந்து இலையைத் தேடிப் போயின.

இதைக் கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்க்கவென்று ஒரு வம்சத்தை நாங்கள் தனியாக வைத்திருந்தோம். தலைமுறை தலைமுறையாக ஆய்வகத்துக்குள்ளேயே வளர்ந்து, எந்த மருந்தும் படாத புழுக்கள். அவற்றின் மேல் அந்தச் சொட்டு விழுந்தால் ஒன்றுகூட மிஞ்சாது. அக்கா அவற்றைத்தான் விரும்பிப் பார்ப்பார். கழனிப் புழுக்களின் தட்டுப் பக்கம் அவர் அதிகம் போகவில்லை. அவை சாவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேச மாட்டார்.

அக்காவின் பெண் அதற்குள் வளர்ந்து, ஸ்ரீபெரும்புதூரில் போன் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே விடுதியில் இருந்தாள். அக்கா போன் செய்தால் எடுப்பாள். சாப்ட்டியா என்றால் சாப்ட்டேன் என்பாள். அவ்வளவுதான். அந்த மாமியார் விழுந்து இடுப்பு உடைந்து படுத்தபோது, அக்கா யாரும் கூப்பிடாமலே போய் நின்றார். காலையும் மாலையும் நிலையத்துக்கு முன்னும் பின்னும் அந்த ஊருக்குப் போய் அந்த அம்மாளைக் கழுவித் துடைத்துச் சோறு ஊட்டிவிட்டு வருவார். வாரக் கடைசியில் பாட்டியைப் பார்க்க வந்த மகள் இதைப் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு போனில் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேச ஆரம்பித்தாள்.

ஒருநாள் அக்கா என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பாப்பா, எம் பொண்ண இட்டாறன். ஒரு தபா காட்றியா? சொட்டு வெச்சி? அவ கண்ணால பாக்கட்டும்."

அதிகாரியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஆனால் அந்த மழைக்காலத்தில் வளர்ப்பு அறைக்குள் நோய் புகுந்துவிட்டது. புழுக்களுக்கு வருகிற வைரஸ். ஒன்றுக்கு வந்தால் அறை முழுவதும் போகும். புழுக்கள் கறுத்து, பின்னங்காலால் தட்டின் மூடியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, தொட்டால் தண்ணீராக உடைந்தன. அந்த மருந்து படாத வம்சம் முழுவதும் போய்விட்டது. எல்லாத் தட்டையும் எரித்தோம். பிளீச்சிங் பவுடர் போட்டு அறையைக் கழுவினோம். வேறு ஊரில் உள்ள ஆய்வகத்திடம் புதிய வம்சம் கேட்டிருந்தோம். வர நாளாகும் என்றார்கள்.

நான் அக்காவிடம் சொன்னேன். "கொஞ்ச நாள் போவட்டும்க்கா. இப்ப என்கிட்ட இருக்கறது உங்க ஊர்க் கழனிப் புழு மட்டுந்தான். அது சாகுமான்னு சொல்ல முடியாது."

"அவ வரன்னு சொன்னதே பெருசும்மா. இந்த ஞாயித்துக்கெழம வரேன்னுட்டா. வாணான்னு சொன்னா அப்பறம் வரவே மாட்டா." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சமாவது சாவும்ல?"

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அப்பாவின் சாயலாக இருக்க வேண்டும், அக்காவைப்போல் இல்லை. அகன்ற நெற்றி. ஜீன்ஸும் குர்த்தியும் போட்டிருந்தாள். என்னை "மேடம்" என்று கூப்பிட்டாள். அக்கா அவளுக்குப் பிடிக்குமென்று வஞ்சிர மீன் வறுத்துக்கொண்டு வந்திருந்தார். விடுமுறை நாளென்பதால் நிலையத்தில் எங்களைத் தவிர காவல்காரர்தான். அவளுக்கும் கையுறை கொடுத்தேன். அக்கா வழக்கம்போலத் தட்டைப் பிடித்தார். மகளுக்கும் தெரியட்டும் என்று தட்டை மேசையில் வைக்கச் சொன்னேன்.

சொட்டு வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"பாரு, வாயில ஒண்ணும் குடுக்கல. முதுவுலதான். பாத்துக்கோ" என்றார் அக்கா.

காத்திருந்தோம். சில புழுக்கள் சுருண்டன. ஒன்றிரண்டு கக்கின. அக்கா மகளின் முகத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பிட உட்கார்ந்தோம். அவள் மீனில் பாதியைச் சாப்பிட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது ஓரிரு புழுக்கள் செத்திருந்தன. மற்றவை நிமிர்ந்துகொண்டிருந்தன. ஒன்று மெதுவாக நகர்ந்து ஆமணக்கு இலையின் ஓரத்துக்கு வந்து, தலையை ஆட்டிக்கொண்டு கடிக்கத் தொடங்கியது. பிறகு இன்னொன்று. அந்த அமைதியான அறையில் அவை இலை தின்னும் சத்தம்கூடக் கேட்டது.

"சாவலியே" என்றாள் மகள். ஏளனமாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள்.

"இது கழனிப் புழு. மருந்துக்குப் பழகிடுச்சு. முன்னாடியெல்லாம் இதே சொட்டுல எல்லாம் செத்துடும்" என்றேன் நான்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "புழு பழகிக்கும்னா, எங்கப்பா ஏன் மேடம் பழகல? வருஷம் பூரா அவுருதான அடிச்சாரு?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா தட்டை மூடிவிட்டார். "நேரமாவுது. பஸ்ஸு போயிடும்" என்று மகளிடம் சொன்னார். மீதி மீனைப் பொட்டலமாகக் கட்டி அவள் பைக்குள் வைத்தார். கையைக் கழுவச் சொல்லி, சோப்பு போட்டாளா என்று நின்று பார்த்தார்.

சாலை வரை நான் அவளுடன் நடந்தேன். அக்கா வரவில்லை. போகும்போது சொல்ல முயன்றேன். பழகிக்கொள்வது ஒரே புழு இல்லை, தாங்காதவையெல்லாம் செத்துத் தாங்குபவை மிஞ்சுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம், மனிதனுக்கு இருப்பது ஒரே உடம்பு, அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகுமே தவிரப் பழகாது என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். பஸ் நிற்கும் புளியமரத்தடியில் நின்றதும் சொன்னாள்.

"நீங்க சொல்றது புரியுது மேடம். நெட்லயும் பாத்துக்கீறன். தோல் வழியா போவும். அப்டியே இருக்கட்டும். ஆனா அன்னிக்கு காலீல நான் வூட்லதான் இருந்தன். ஸ்கூல் பேக்ல புக்கு எட்த்து வெச்சிக்கினு இருந்தன். நீ செத்தாலும் எனக்கு ஒண்ணுமில்லன்னு எங்கம்மா சொன்னத என் காதால கேட்டன். அப்பா என்னிய ஒரு தபா பாத்தாரு. அப்பறம் போயிட்டாரு. எந்தப் புழு செத்தாலும் சாவலனாலும் அது என் காத உட்டுப் போவலியே."

பஸ் வந்தது. அவள் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினாள். அவளிடம் கோபம் ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

திரும்பிப் போனபோது அக்கா அந்தத் தட்டுகளை ஒழுங்குபடுத்தி, தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னா சொன்னா?" என்று கேட்டார். "திரும்ப வரேன்னு சொன்னா அக்கா" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. ஆனால் சரி என்று தலையாட்டினார்.

புதிய வம்சம் அடுத்த பருவத்தில்தான் வந்து சேர்ந்தது. அது தழைத்துப் பெருகியதும் அதே மருந்தை, அதே சொட்டை வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. இந்த முறை என் போனில் முழுவதும் வீடியோ எடுத்தேன். சொட்டு வைப்பதிலிருந்து, புழுக்கள் முறுக்கி, கக்கி, அடங்குகிறவரை. அக்காவிடம் கொடுத்து, "இதை உங்க பொண்ணுக்கு அனுப்புங்கக்கா" என்றேன்.

அவர் போனைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் மறுபடியும் தொட்டு, முதலிலிருந்து பார்த்தார். ஆய்வகத்தில் எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். ஆனால் தட்டில் பொடியாகத் தெரிந்த புழு போன் திரையில் பெரிதாகத் தெரிந்தது. அதன் வாயில் நுரை கட்டுவது, உடம்பு ஈரமாவது, தலையைத் தூக்கி எதையோ தேடுவது எல்லாம் தெரிந்தது. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அவுரு மாரியே இருக்குது பாப்பா. அவுரும் இப்டித்தான் தேடினாரு." போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "வாணாம். அனுப்பாத. அவ அப்ப ஸ்கூலுக்குப் போயிருந்தா. அவங்கப்பா துடிச்சத அவ பாக்கல. இத்தப் பாத்துதான் எனக்கு மன்னிப்பு வரணும்னா, அது எனக்கு வாணாம்."

நான் அவர் முன்னாலேயே அதை அழித்துவிட்டேன்.

அந்த மருந்தைச் சோதிப்பதை நிலையம் பிறகு நிறுத்திவிட்டது. இனி அதைச் சோதித்துப் பயனில்லை என்றார்கள். வேறு மருந்துகள் வந்தன. அக்கா மறுபடி வளர்ப்பு அறையோடு நின்றுகொண்டார். மாமியார் இறந்தபோது அக்காதான் குளிப்பாட்டிப் புடவை கட்டிவிட்டார். கடைசிவரை அந்த அம்மாள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொன்னார். "ஆனா நான் ஊட்னா துன்னுச்சி" என்றார்.

போன வருடம் கல்லறைத் திருநாளுக்கு அக்கா என்னையும் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். ஊருக்கு வெளியே, வேலிகாத்தான் புதர்களை வெட்டிச் சுத்தம் செய்த இடத்தில் எல்லோரும் தங்கள் வீட்டுக் கல்லறைகளைக் கழுவி, செவ்வந்திப் பூ தூவி, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவருடையது வேலி ஓரமாக, மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தது. மகள் எங்களுக்கு முன்பே வந்து அதன் அருகில் உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் குழாய்க்குப் போனார்.

மகள் புல்லைப் பிடுங்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "மேடம், அன்னிக்கு ஒண்ணு ரெண்டு புழு செத்துச்சே. அது சாவும்போது அதுக்கு வலிக்குமா?"

இத்தனை வருடம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவள் எதைக் கேட்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும்.

"சீக்கிரம் மயங்கிடும்மா" என்றேன்.

"அப்படியா" என்றாள். பிடுங்கிய புல்லை ஓரமாகக் குவித்துவிட்டு, "அம்மாகிட்ட நான் இதக் கேட்டன்னு சொல்லாதீங்க" என்றாள்.

அக்கா குடத்தோடு வந்தார். மூவருமாகக் கல்லைக் கழுவினோம். ஃபாதர் வந்து ஒவ்வொரு கல்லறையிலும் நின்று ஜெபித்து, தண்ணீர் தெளித்துக்கொண்டு எங்களையும் கடந்து போனார். வெயில் சாய்ந்ததும் மகள் கிளம்பினாள். மறுநாள் காலை ஷிப்ட் என்றாள். அக்கா அவளை பஸ் ஏற்றிவிட சாலை வரை வந்தார். பஸ் கண்ணுக்கு மறைகிறவரை நின்றார். பிறகு நானும் அவரும் காஞ்சிபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். கூட்டத்தில் அவர் என் தோளோடு நெருங்கி உட்கார்ந்திருந்தார்.  மகள் புல் பிடுங்கும்போது கேட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை.